நாலு மணிக்கு மேல் வேறொரு கை

எங்கள் வானொலிக் கழகத்தில் சேர்ந்த மூன்று வருடங்களில், கூட்டத்தின் நடுவே நானாக வாய் திறந்து பேசியது இரண்டே முறை. முதல் முறை மூன்றே சொல்.

"இது அக்கா இல்லையே."

அதில் தபால் அக்காவின் தீவுப் பயணம் கைவிட்டுப் போகப் பார்த்தது.

கழகம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருக்கிறது. முன் அறையில் நீளமான மேசை, பத்து நாற்காலிகள், கீழே இருந்து ஏறி வரும் கிரீஸ் வாசனை. பின் அறையில் வானொலிக் கருவி. உறுப்பினர்களும் பத்துப் பேர்தான். செயலாளர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒரு பல் டாக்டர் உண்டு. ஓர் எலக்ட்ரீஷியன் உண்டு. வீடு வீடாகத் தபால் கொடுக்கும் தபால் அக்கா உண்டு. என்னைப் 'புள்ளி' என்பார்கள். உயரமும் அவ்வளவுதான், பேச்சும் அவ்வளவுதான்.

மோர்ஸ் என்பது எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலியில் அனுப்புவது. கீ என்னும் விசையை அழுத்தி உடனே விட்டால் புள்ளி, சற்றுப் பிடித்து விட்டால் கோடு. எல்லோருக்கும் ஒரே எழுத்துகள். ஆனால் ஒருவர் அடிப்பது போல இன்னொருவர் அடிப்பதில்லை. நாங்கள் அதைக் 'கை' என்போம். பல் டாக்டரின் கை அவசரக் கை. ஒரு கோட்டை முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவும், நோயாளி வாயை மூடிவிடுவாரோ என்று பயந்தது போல. செயலாளரின் கை மாத்திரை எண்ணுவது போல ஒரே சீர். தபால் அக்கா எண்களை அடித்து முடித்ததும் ஒரு கணம் நிற்பார், கதவைத் தட்டிவிட்டு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பவரைப் போல.

மாதத்தின் முதல் சனிக்கிழமை 'யார் கை' ஆடுவோம். ஒருவர் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் அடிப்பார். வெளியில் இருப்பவர்கள் யாரென்று சீட்டில் எழுத வேண்டும். நான் ஒரு முறையும் தவறியதில்லை. எலக்ட்ரீஷியன் ஒரு முறையும் சரியாகச் சொன்னதில்லை.

பகலில் எனக்கு வேலை ஒரு காலணி மையத்தில். கால் வலி, பாதக் கோளாறு என்று வருகிறவர்களை எட்டு மீட்டர் நீளமுள்ள ஒரு விரிப்பின் மேல் நடக்கச் சொல்வோம். அடியில் இருக்கும் உணரிகள் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம், எந்த நொடியில் என்று கணினிக்குச் சொல்லும். அதை வைத்துக் காலணி செய்வார்கள். முன்பே வந்தவர் என்றால் நடையைப் பார்த்தே கணினி அடையாளம் காட்டிவிடும். நான் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கணினி சொல்வதற்கு முன் காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிப் பார்ப்பேன். மனதுக்குள்தான். இயற்பியல் படித்துவிட்டு இந்த விளையாட்டா என்று அண்ணன் கேட்பான். இதுவும் இயற்பியல்தான் என்று நான் சொன்னதில்லை.

தபால் அக்கா மாடிப்படி ஏறுவதும் எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக இடது தோளில் பை. பை இல்லாத நாளிலும் இடது கால் ஒரு பிடி கூடுதலாக அழுந்தும்.

இனி தீவு. கடலில் இரண்டு நாள் தூரத்தில், பாறையும் பறவையும் மட்டும் உள்ள ஓர் இடம். ஆறு கழகங்கள் சேர்ந்து ஆறு பேரைப் படகில் அனுப்பி, இருபது நாள் அங்கிருந்து உலகத்தோடு மோர்ஸில் பேசுவதாக ஏற்பாடு. ஒவ்வொரு கழகத்துக்கும் ஓர் இடம். யார் போவது என்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி: காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, அவரவர் வீட்டிலிருந்து, யார் அதிகம் பேரைத் தொடர்புகொள்கிறாரோ அவர். ஒரு விதி. தனி ஆளாகத்தான் அடிக்க வேண்டும். நடுவில் கை மாற்றிக்கொண்டால் ஆட்டம் செல்லாது.

தபால் அக்கா வென்றார். பதினோரு தொடர்பு குறைவாகச் செயலாளர் இரண்டாவது. அக்காவுக்கு முப்பத்தாறு வயது. எல்லா நாட்டுத் தபால்தலையையும் கையில் பிடித்தவர். ஐந்து தெருக்களைத் தாண்டி வேலை பார்த்ததில்லை. இருபது நாள் விடுப்புக்கு ஆறு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். "தோத்தா என்ன பண்ணுவீங்க?" என்று பல் டாக்டர் கேட்டதற்கு, "வீட்ல உக்காந்து இருபது நாளும் அழுவேன். அதுக்கும் லீவு வேணுமில்ல?" என்றாராம்.

வெற்றியைக் கொண்டாட அடுத்த சனிக்கிழமை கூடினோம். டீயும் பிஸ்கட்டும் இருந்தன. போட்டி முழுவதையும் செயலாளர் தன் கருவியில் பதிவு செய்திருந்தார். விதிப்படி அது அவர் வேலை. அதிலிருந்து அக்கா அடித்ததைக் கொஞ்சம் போட்டுக் காட்டினார். காலை ஏழு மணி. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு மாலை ஐந்து மணி.

ஐந்து மணிப் பதிவு ஓடிய நான்காவது நொடியில் நான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த மேசை முன்னால் மோர்ஸ் கேட்டால் யார் கை என்று சொல்வது எனக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் பதிவைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடி. பல் டாக்டர் பிஸ்கட்டை டீயில் விட்டுவிட்டு எடுக்க மறந்தார்.

"புள்ளி சொல்றது சரிதான் போல" என்றார் யாரோ.

"எது சரி?" என்றார் அக்கா. "நான்தான் அடிச்சேன். பன்னெண்டு மணி நேரமும் நான்தான் அடிச்சேன். விரல் வீங்கிப் போச்சு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நிலைமை தர்மசங்கடம். விசாரித்தால் தன் இடத்துக்காக விசாரிக்கிறார் என்பார்கள். விசாரிக்காவிட்டால் விதியை மீறியவர் ஆவார். கடைசியில் அவர் தன் கை போலவே சீராக ஒரு படிவத்தை எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு வாரத்துல பயணத்த ஏற்பாடு பண்ற மேலிடத்துக்கு பதில் எழுதணும். இதுல ஒரு கேள்வி இருக்கு. போட்டி நேரத்துல ரூம்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"யாருமில்ல."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அக்கா போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போலிருந்தது. படியில் இறங்கும்போது என்னைத் தாண்டிப் போனவர் ஒரு கணம் நின்றார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் நம்புறாங்க புள்ளி. எனக்கே சந்தேகம் வருது, நான்தான் அடிச்சேனான்னு."

அவர் இறங்கிப் போனார். இடது கால் வழக்கத்தைவிட அழுந்தியது.  

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"வீட்ல நாலு பேர் வந்தா 'வாங்க'ன்னு சொல்ல வாய் வராது. அங்க போய் ஒரே ஒரு தடவ தொறந்திருக்க. அதுலயும் ஒரு பொண்ணோட பயணத்தைக் கெடுத்திருக்க."

"போலீஸ்ல சேந்துடு" என்றான் அண்ணன். "நல்ல சம்பளம்."

பதிவின் நகல் என்னிடம் இருந்தது. நான்கு நாள் கேட்டேன். அலுவலகம் போகும்போது, வரும்போது, பல் துலக்கும்போது. காலையிலிருந்து மூன்றே முக்கால் வரை அக்கா. நான்கு மணிக்கு மேல் வேறு யாரோ. கோடுகள் இடையிடையே இழுபட்டன. ஊஞ்சலில் உட்கார்ந்து அடிப்பவர் மாதிரி ஓர் ஆட்டம். எப்படிக் கேட்டாலும் அது அக்கா இல்லை. ஆனால் அக்கா பொய் சொல்கிறவரும் இல்லை. கதவு திறக்காவிட்டால் கடிதத்தை இடுக்கில் செருகாமல் மறுநாள் வந்து கொடுப்பவர். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. எனக்குத் தவறாகக் கேட்டது என்று சொல்லிவிடலாம். அதற்குள் மற்றவர்களும் பதிவைக் கேட்டுவிட்டார்கள். நான் பின்வாங்கினாலும் அவர்கள் காது பின்வாங்காது.

ஐந்தாம் நாள் மையத்துக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். அந்தப் பெண்ணுக்குத் தட்டைப் பாதம். போன மாதமே வந்து அளவு கொடுத்தவர். நான் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். விரிப்பின் மேல் காலடிகள் நகர்ந்தன. புது ஆள் என்று நினைத்துக்கொண்டேன். கணினியும் அதையே சொன்னது: 'புதியவர். பதிவு செய்யவும்.'

வெளியே வந்து பதிவேட்டில் எழுத விவரம் கேட்டேன்.

"என்னம்மா புதுசா கேக்கற? போன மாசம் வந்த அதே காலுதான். மாத்திக்கல" என்றார் கண்டக்டர்.

அவர் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே எனக்குத் தெரிந்தது. நான்காவது அடியில் கணினிக்கும் தெரிந்தது.

கணினி ஏமாந்தது பெரிய விஷயமில்லை. அதற்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். நானும் ஏமாந்தேன். மூன்று வருடத்தில் முதல் முறை. இல்லை, இரண்டாவது முறையாக இருக்கலாம்.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு மணி நேரம் மையத்திலேயே இருந்தேன். நடையை அளக்கும் நிரலில் மோர்ஸ் பதிவைப் போட்டேன். அதற்கு எல்லாம் தட்டல்தான். ஒவ்வொரு கோட்டின் நீளத்தையும் வரைபடமாக எடுத்தேன். ஒருவருடைய கைப்பழக்கம் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த எழுத்தின் கடைசிக் கோட்டை இழுப்பார், அந்த எண்ணுக்குப் பின் நிற்பார் என்று. காலைப் பதிவில் அப்படித்தான் இருந்தது. மாலைப் பதிவில் இழுபட்ட கோடுகளுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவை கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், ஒவ்வொரு முறையும். அந்த நேரத்தில் புள்ளி விழுந்தால் புள்ளியும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

எந்த ஆளும் அப்படி அடிப்பதில்லை. அடித்துக்கொண்டிருந்த ஆளை வேறு ஏதோ ஒன்று அசைத்துக்கொண்டிருந்தது. கை கீயில் இருந்தால் மிச்சம் கால்தான்.

தபால் அக்காவின் வீட்டுக்கு இரண்டு தெரு நடக்க வேண்டும். நான்கு முறை திரும்பிப் போகலாம் என்று நின்றேன். கதவைத் தட்டியது நான்தான் என்று எனக்கே ஆச்சரியம்.

அக்கா கதவைப் பாதி திறந்தார். "என்ன, இன்னும் யாரையாவது காட்டிக் குடுக்கணுமா?"

"அக்கா, அன்னைக்கு நாலு மணிக்கு மேல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"தூங்கிட்டு இருந்தேன். பேய் வந்து அடிச்சிட்டுப் போச்சு."

"கால்ல?"

"கால்ல என்ன?"

"கால்ல ஏதாவது பண்ணிட்டு இருந்தீங்களா? ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். கதவு முழுதாகத் திறந்தது.

"அடக் கடவுளே" என்றார். "பாப்பா!"

போட்டி நாளன்று மூன்றரை மணிக்கு அக்காவின் தங்கை வந்திருக்கிறாள். எட்டு மாதக் குழந்தையைத் தொட்டிலோடு இறக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று போனவள் ஏழு மணிக்கு வந்தாள். நான்கு மணிக்குக் குழந்தை சிணுங்கத் தொடங்கியது. கையை எடுத்தால் போட்டி போய்விடும். அக்கா தொட்டில் கயிற்றைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து ஆட்டியபடியே ஆறு மணி வரை அடித்திருக்கிறார்.

"ரூம்ல வேற யாருமில்லன்னு எழுதினீங்களே அக்கா."

"அவ ஒரு ஆளா? எட்டு கிலோ!"

"சொல்லியிருக்கலாமே."

"எனக்கு ஞாபகமே இல்ல. அன்னைக்கு என் கால் என்ன பண்ணுச்சுன்னு என் கைக்குத் தெரியுமா?"

கையில் தெரிந்துவிட்டது என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் முகம் மறுபடி மாறிவிட்டது. "சரி, விஷயம் தெரிஞ்சுது. சனிக்கிழமை வரேன். நீ கிளம்பு" என்று கதவைச் சாத்தினார். கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை கெடுவின் கடைசி நாள். செயலாளர் மேலிடத்துக்கு எழுத வேண்டிய கடிதம் மேசை மேல் பாதி எழுதப்பட்டுக் கிடந்தது. அக்கா குழந்தையோடு வந்திருந்தார். தொட்டிலைச் சைக்கிள் கடைக்காரர்கள் இருவர் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பல் டாக்டர் மட்டும் இன்னும் வரவில்லை.

"சொல்லும்மா" என்றார் செயலாளர்.

எழுந்து நின்றேன். குழந்தையோடு சேர்த்து ஒன்பது ஜோடிக் கண்கள். வரைபடம் கையில் இருந்தது. முதல் சொல் நாக்கு வரை வந்து திரும்பிப் போனது. இரண்டாவது முறை அதுவும் வரவில்லை.

 செயலாளர் எழுந்து போய்ப் பயிற்சிக்கு வைத்திருக்கும் சின்ன மோர்ஸ் கீயை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "வாயால வேணாம். இதுல சொல்லு. எங்களுக்குப் புரியும்."

உட்கார்ந்து அடித்தேன். கேட்டது சரி, முடிவு தப்பு. கை மாறியது, ஆள் மாறவில்லை. இழுபட்டது எழுத்தால் அல்ல, தொட்டிலால். எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் விரல் நடுங்கியது. புள்ளிகள் இரட்டையாக விழுந்தன.

படியில் தடதடவென்று ஓசை. பல் டாக்டரின் ஓட்டம். கதவைத் திறப்பதற்கு முன்பே அவர் குரல் வந்தது.

"யாருப்பா அது புது ஆளு? கை இந்த ஆட்டம் ஆடுது!"

உள்ளே வந்து கீயில் இருந்த என் கையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

முதலில் சிரித்தது எலக்ட்ரீஷியன். பிறகு எல்லோரும். அக்காவின் உதடு கூட ஒரு பக்கம் கோணியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அடித்துச் சொல்ல வேண்டியது இன்னும் பாதி இருந்தது. அது இனித் தேவைப்படவில்லை.

"சிரிப்பு வேற, சாட்சி வேற" என்றார் செயலாளர். "சோதிச்சுப் பாத்துடுவோம். இவங்க பின் ரூம்ல தொட்டில ஆட்டிக்கிட்டே அடிக்கட்டும். நாம அந்த அஞ்சு மணிப் பதிவோட ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"அது போதாது சார்" என்றேன். இந்த முறை வாயால்தான். எப்படி வந்ததென்று தெரியவில்லை. "தொட்டில ஆட்டினா எல்லாருமே அப்படித்தான் அடிப்பாங்களோ என்னவோ. அப்போ அக்காதான்னு ஆகாது. வேற ஒருத்தரும் ஆட்டிக்கிட்டே அடிக்கணும்."

அக்கா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டார். "நீ யார் பக்கம்டீ?"

 எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பல் டாக்டர் மற்றொரு கை என்று முடிவானது. அக்கா தொட்டிலோடு, தொட்டில் இல்லாமல். டாக்டர் தொட்டிலோடு, தொட்டில் இல்லாமல். நான்கு முறை, என்ன வரிசை என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஏழு பேர் சீட்டில் எழுத வேண்டும், எத்தனையாவது முறை ஐந்து மணிப் பதிவு போலவே இருந்தது என்று. எனக்குச் சீட்டு இல்லை. புகார் கொடுத்தவள் நான்.

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் காத்திருந்தோம். மோர்ஸ் வரவில்லை. குழந்தையின் சிரிப்பு வந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் செயலாளர்.

"தூங்க மாட்டேங்குறா" என்று உள்ளிருந்து அக்கா. "கயித்தக் கடிச்சிட்டு உக்காந்திருக்கா. உக்காந்திருக்கற குழந்தைய ஆட்டினா விழுந்துடுவா சார்."

செயலாளர் உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது அவருக்குக் கண்ணாடி இல்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவும் இல்லை. "தூங்கிடுவா" என்றார் மெதுவாக. "கண்ணாடிய மட்டும் விட மாட்டேங்குறா." அடுத்த கால் மணி நேரம் பத்துப் பேர் இருந்த அந்த மாடியில் சைக்கிள் கடையின் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு முதல் முறை அடிக்கப்பட்டது. இரண்டாவது. மூன்றாவதில் குழந்தை வீறிட்டது. யார் ஆட்டியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "மெல்ல டாக்டர், பல்லா புடுங்கறீங்க?" என்று அக்கா அதட்டியது வேறு கேட்டது. நான்காவது தாமதமாக வந்தது.

நான்காவதைக் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். அதே ஊஞ்சல். இரண்டு நொடிக்கு ஒரு முறை அதே இழுப்பு. அதற்கு அடியில், எண்கள் முடிந்த இடத்தில், கதவைத் தட்டிவிட்டு நிற்பது போல அந்தச் சின்ன நிறுத்தம். செயலாளர் ஐந்து மணிப் பதிவை மறுபடி போட்டார். அதிலும் அது இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. ஆட்டத்தைக் கேட்ட காது அதைக் கேட்கவில்லை.

சீட்டுகளைச் செயலாளர் வாங்கிப் பிரித்தார். கண்ணாடி இல்லாததால் ஒவ்வொன்றையும் முகத்தருகே கொண்டுபோனார். நான்கு. நான்கு. நான்கு. ஒன்று. நான்கு.

"ஒன்னு யாருது?" என்றார்.

"என்னுதுதான்" என்றார் எலக்ட்ரீஷியன். "நான் எழுதினா அது கண்டிப்பா இருக்காது. அப்பதானே உங்களுக்கும் நம்பிக்கை வரும்?"

ஆறாவதும் நான்கு. கடைசிச் சீட்டு செயலாளருடையது. அதைப் பிரித்து எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் வைத்தார். நான்கு. தன் இடத்தைத் தானே அழித்து எழுதியிருந்தார். அந்த நான்கும் அவர் கை போலவே நேராக இருந்தது.

அக்கா வெளியே வந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் செயலாளரின் கண்ணாடி. அறையில் கைதட்டல் எழுந்தது. குழந்தையைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"ஒரு சிக்கல் இருக்கு" என்றார் செயலாளர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "ரூம்ல வேற யாருமில்லன்னு எழுதியிருக்கீங்க. ஆள் இருந்திருக்கு. பொய் வாக்குமூலம்னு மேல கேப்பாங்க."

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள்.

"ஆள்னா?" என்றார் பல் டாக்டர். "இருங்க." குழந்தையின் கீழுதட்டைச் சுண்டுவிரலால் மெல்ல விலக்கிப் பார்த்தார். "ஒரு பல்லு கூட இல்ல. என் பதிவேட்டுப்படி இன்னும் ஆள் கணக்குல வரல."

"அப்படி எழுத முடியாது."

"அப்போ, 'உடன் இருந்த நபருக்கு மோர்ஸ் தெரியாது'ன்னு எழுதுங்க."

செயலாளர் யோசித்தார். பாதி எழுதிய கடிதத்தைக் கிழித்தார். புதுக் காகிதம் எடுத்து அப்படியே எழுதினார். உடன் இருந்த நபரின் வயது எட்டு மாதம். அவருக்கு மோர்ஸ் தெரியாது. போட்டி முடிவு செல்லும். கடைசியில் புகார் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி. அங்கே நான் கையெழுத்துப் போட்டேன்.

கீழே இறங்கியபோது அக்கா சைக்கிள் கடை வாசலில் தங்கைக்காகக் காத்திருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"உன் காது மேல எனக்குக் கோவமில்ல" என்றார், தெருவைப் பார்த்தபடி. "அது கேட்டதச் சொல்லுச்சு. ஆனா பத்துப் பேர் முன்னாடி சொன்னியே. எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, அப்பவே என் கால் ஞாபகத்துக்கு வந்திருக்கும்ல?"

"தப்புதான் அக்கா."

"சத்தமா சொல்லு. காத்தடிக்கிற மெஷின் ஓடுது."

"தப்புதான்!"

உள்ளே டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா முதல் முறையாகச் சிரித்தார். "இவளப் புடி, கை மரத்துப் போச்சு" என்று குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துப் படகு கிளம்பியது. கிளம்பிய நான்காம் நாள் காலை ஏழு மணிக்குத் தீவிலிருந்து முதல் ஒலிபரப்பு என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் வேலைக்குப் போகும் வழியில் எல்லோரும் கழகத்தில் கூடினோம். செயலாளர் மருந்துக்கடைச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். அம்மா கூட வந்திருந்தார். நான் கெடுத்த பயணம் சரியானதா என்று நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஏழு மணி எட்டு நிமிடத்தில் சீழ்க்கை போல ஓர் ஒலி எழுந்தது, அமிழ்ந்தது, மறுபடி எழுந்தது. ஆறு பேரும் ஒரே அழைப்புக்குறியில், அதாவது ஒரே பெயரில், அடிப்பார்கள். முதலில் யார் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. இரைச்சலுக்குள் பாதி எழுத்து கேட்டது, பாதி கரைந்தது. கோடுகள் நீண்டும் குறுகியும் வந்தன.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவங்கதானா?" என்றார் செயலாளர்.

எனக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது. வாய் வரை வந்துவிட்டது. ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன்.

"கேட்டுப் பாக்கறேன் சார்" என்றேன்.

கீயை இழுத்து, யார் பேசுவது என்று அடித்தேன். என் கை அன்று நடுங்கவில்லை. இரைச்சல் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சலாக இருந்தது. பிறகு பதில் வந்தது. நான் பென்சிலால் எழுத எழுத, என் தோளுக்கு மேல் குனிந்து பல் டாக்டர் சத்தமாகப் படித்தார்.

"நான்தான், புள்ளி. வேற யாருன்னு நெனச்ச? ஆறு பேர்ல அஞ்சு பேர் வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்காங்க. நானும் ஒரு பறவையும்தான் நிக்கறோம். அது என் தொப்பி மேல உக்காந்திருக்கு. எழுதிக்கோ, நெறைய சொல்லணும்."

"மெல்ல அடிக்கச் சொல்லு" என்றார் அம்மா. "எம் பொண்ணுக்குக் கை வலிக்கும்."

அக்கா மெல்ல அடிக்கவில்லை. நான் பென்சிலை மாற்றிக்கொண்டு எழுதினேன்.